ஜேவிஎம் நினைவக அமைப்புகள்: எக்ஸ், எக்ஸ்எக்ஸ் ஆப்ஷன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கும் முன் ஒரு குறிப்பு. ஆப்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எக்ஸ்எம்எக்ஸ், எக்ஸ்எம்எஸ் போன்றவற்றில் முதல் எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து. நீளமான பெயர்களில் கண்ணுக்கு வசதியாக இடைவெளி விட்டிருக்கிறோம். அடிக்கும்போது இடைவெளி கிடையாது. ஜேவிஎம் என்பது ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள். சொல்வதெல்லாம் ஓப்பன்ஜேடிகே-வில் வரும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்முக்கு. ஓப்பன்ஜே9 என்ற இன்னொரு ஜேவிஎம் மாறுபடும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

ஸ்டாண்டர்ட், நான்-ஸ்டாண்டர்ட் என்று பிரிப்பது எதை வைத்து?

பெயரின் தொடக்கத்தை வைத்தே தெரியும். -வெர்ஷன், -சிபி, -டி, -ஜார் போன்றவை ஸ்டாண்டர்ட். எந்த ஜேவிஎம்மை எடுத்தாலும் இவை இருக்கும், இதே வேலையைத்தான் செய்யும். -எக்ஸ் என்று தொடங்குபவை நான்-ஸ்டாண்டர்ட்: ஹாட்ஸ்பாட்டில் உண்டு, மற்ற ஜேவிஎம்மில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. -எக்ஸ்எக்ஸ்: என்று தொடங்குபவை இன்னும் உள்ளே இருப்பவை. ஜேவிஎம்மை எழுதுகிறவர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட திருகுகள் என்று சொல்லலாம்.

கவனிக்க வேண்டியது: நினைவகத்தைத் தொடும் ஆப்ஷன் ஒன்றுகூட ஸ்டாண்டர்ட் பட்டியலில் இல்லை. ஹீப் (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் இடம்), ஸ்டாக் (ஒவ்வொரு த்ரெட்டின் மெத்தட் அழைப்புகளுக்கான இடம்), மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் தகவல் இருக்கும் இடம்) எல்லாமே நான்-ஸ்டாண்டர்ட்தான்.

அப்படியென்றால் எக்ஸ்எம்எக்ஸை நம்பக் கூடாதா?

தாராளமாக நம்பலாம். ‘ஜாவா -எக்ஸ்’ என்று அடித்தால் வரும் பட்டியலின் கடைசியில் ‘இவை முன்னறிவிப்பின்றி மாறலாம்’ என்ற எச்சரிக்கை வரும். காகிதத்தில் அது சரி. நடைமுறையில் எக்ஸ்எம்எக்ஸ் (உச்ச ஹீப்), எக்ஸ்எம்எஸ் (தொடக்க ஹீப்), எக்ஸ்எஸ்எஸ் (த்ரெட் ஸ்டாக்) மூன்றும் பல வருடங்களாக அப்படியே இருக்கின்றன, ஓப்பன்ஜே9-உம் இவற்றைப் புரிந்துகொள்ளும். கைவிட்டுவிடுவது எக்ஸ்எக்ஸ் கூட்டம்தான். அங்கே ஒரு ஃப்ளாக் மூன்று படிகளில் மறையும். முதலில் ‘இனி வேண்டாம்’ என்று எச்சரிக்கும், ஆனால் வேலை செய்யும். அடுத்து எச்சரித்துவிட்டு ஃப்ளாக்கைக் கண்டுகொள்ளாது. கடைசியில் ‘இப்படி ஒரு ஆப்ஷனே இல்லை’ என்று ஜேவிஎம் கிளம்பவே மறுத்துவிடும். இரண்டாம் படிதான் ஆபத்தானது: சர்வர் ஓடுகிறது, லாக்கில் ஒரு வரி எச்சரிக்கை இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

எதுவுமே கொடுக்காவிட்டால் எவ்வளவு எடுத்துக்கொள்ளும்?

உச்ச ஹீப், இயந்திரத்தின் ரேமில் கால் பங்கு. தொடக்க ஹீப் 64-இல் ஒரு பங்கு. 16 ஜிபி இயந்திரத்தில் 4 ஜிபி வரை வளரும், 256 எம்பியில் தொடங்கும்.

ஜிசியையும் (பயன்படாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் பகுதி) ஜேவிஎம்மே தேர்ந்தெடுக்கும். ஜேடிகே 9 முதல் வழக்கமான தேர்வு ஜி1. ஆனால் இரண்டு சிபியூ-க்குக் குறைவாகவோ, சுமார் 1792 எம்பி-க்குக் குறைவான ரேமோ தெரிந்தால் சத்தமில்லாமல் சீரியல் ஜிசி-க்குப் போய்விடும். ஒரே சிபியூ ஒதுக்கிய கன்டெய்னரில் (நிரலுக்குத் தனி ரேம், சிபியூ எல்லை வைத்து ஓட்டும் பெட்டி) ‘ஜி1 ட்யூனிங்’ செய்துகொண்டிருப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

எக்ஸ்எம்எக்ஸ் போட்டேன், ஒன்றும் மாறவில்லை.

பெரும்பாலும் இடம் தப்பு. ‘ஜாவா -ஜார் ஆப்.ஜார் -எக்ஸ்எம்எக்ஸ்2ஜி’ என்று எழுதினால், ஜார் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் உங்கள் நிரலின் மெயின் மெத்தடுக்குப் போகும். ஜேவிஎம் அதைப் பார்ப்பதே இல்லை, பிழையும் வராது. ஆப்ஷன்கள் எல்லாம் -ஜார் என்பதற்கு முன்னால் இருக்கட்டும்.

பிழையோடு நிற்கும் வகைகளும் உண்டு. எக்ஸ்எம்எக்ஸ்-க்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளியோ சமக்குறியோ வரக் கூடாது. அலகு கே, எம், ஜி என்று ஒற்றை எழுத்து. ‘2ஜிபி’ என்று எழுதினால் ஏற்காது. அலகே எழுதாமல் 512 என்று மட்டும் விட்டால் 512 பைட் என்று எடுத்துக்கொண்டு, ஹீப் போதாது என்று நின்றுவிடும். எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸை விடப் பெரிதாக இருந்தாலும் கிளம்பாது.

எக்ஸ்எக்ஸ் ஃப்ளாக்கில் ஆம்/இல்லை வகைக்குப் பெயருக்கு முன்னால் + அல்லது - வர வேண்டும்; எண் வகைக்குப் பெயருக்குப் பின் = வர வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால், ‘நீங்கள் சொல்ல வந்தது இதுவா?’ என்று கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரை ஜேவிஎம்மே எடுத்துக் கொடுக்கும்.

எக்ஸ்எம்எக்ஸ் 2 ஜிபிதான். ‘டாப்’ கமாண்டில் 2.7 ஜிபி காட்டுகிறதே?

எக்ஸ்எம்எக்ஸ் என்பது ஹீப்பின் எல்லை, புராசஸின் எல்லை இல்லை. ஜாவா நினைவகக் குழப்பங்களில் பாதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

ஹீப்புக்கு வெளியே இருப்பவை இவை. கிளாஸ் தகவல் உட்காரும் மெட்டாஸ்பேஸ்: இதற்கு இயல்பான மேல் எல்லை கிடையாது. ஜிட் கம்பைலர் உருவாக்கும் மெஷின் கோடு: கோட் கேஷ், வழக்கமாக 240 எம்பி வரை. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஸ்டாக்: லினக்ஸ் 64 பிட்டில் 1 எம்பி ஒதுக்கீடு, ஆனால் தொட்ட பக்கங்கள் மட்டுமே உண்மையில் ரேமில் ஏறும். டைரக்ட் பஃபர்: மேக்ஸ் டைரக்ட் மெமரி சைஸ் கொடுக்காவிட்டால் இதன் எல்லை ஏறக்குறைய உச்ச ஹீப் அளவே. நெட்டி போன்ற நெட்வொர்க் லைப்ரரிகள் இதில் நன்றாகவே சாப்பிடும். இவை போக ஜிசி தன் கணக்கு வழக்குக்கு வைத்துக்கொள்ளும் அட்டவணைகள்.

ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். -எக்ஸ்எக்ஸ்:நேட்டிவ் மெமரி டிராக்கிங்=சம்மரி கொடுத்துக் கிளப்பி, சிறிது நேரம் ஓடவிட்டு, ‘ஜேசிஎம்டி’ கமாண்டில் புராசஸ் எண்ணும் ‘விஎம்.நேட்டிவ்_மெமரி சம்மரி’ என்பதும் கொடுங்கள். ஜாவா ஹீப், கிளாஸ், த்ரெட், கோடு, ஜிசி என்று வகைவாரியாக வரும். ஒவ்வொன்றிலும் ‘ரிசர்வ்ட்’, ‘கமிட்டட்’ என்று இரண்டு எண் இருக்கும். ரிசர்வ்ட் என்பது முகவரி மட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கிளாஸ் வரியில் 1 ஜிபி ரிசர்வ்ட் தெரிவது கம்ப்ரெஸ்ட் கிளாஸ் ஸ்பேஸ், வழக்கமானதுதான். படிக்க வேண்டியது கமிட்டட். இந்த அளவீட்டால் வேகம் 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம், அதனால் எப்போதும் போட்டு வைக்காதீர்கள். ஜேஎன்ஐ (ஜாவாவிலிருந்து சி நிரலை அழைக்கும் வழி) வழியாக வெளி லைப்ரரிகள் நேரடியாகக் கேட்டுப் பெறும் (மேலாக்) நினைவகம் இந்தக் கணக்கில் வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

கன்டெய்னரில் எக்ஸ்எம்எக்ஸ் போடுவதா, சதவீதம் போடுவதா?

கன்டெய்னரின் எல்லையை ஜேவிஎம் உணர ஆரம்பித்தது ஜேடிகே 10-இல். 8-க்கு 8யூ191-இல் கொண்டு வந்தார்கள். சிக்ரூப் (கன்டெய்னருக்கு எல்லை போடும் கெர்னல் வசதி) பதிப்பு 2 உள்ள லினக்ஸில் இது மட்டும் போதாது: ஜேடிகே 15, அல்லது 11.0.16, அல்லது 8யூ372 வேண்டும். அதற்கு முந்தையதை வைத்துக்கொண்டு ஹோஸ்ட்டை மட்டும் புதுப்பித்தால், ஜேவிஎம் கன்டெய்னர் எல்லையைப் பார்க்காமல் ஹோஸ்ட்டின் மொத்த ரேமில் கால் பங்கை ஹீப்பாக எடுக்கப் பார்க்கும். நேற்று வரை ஓடியது இன்று திடீரென்று கில் ஆகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

சதவீதம் என்றால் மேக்ஸ் ரேம் பெர்சென்டேஜ். இயல்பு 25. எக்ஸ்எம்எக்ஸும் சேர்த்துக் கொடுத்தால் எக்ஸ்எம்எக்ஸ்தான் செல்லும், சதவீதம் செல்லாது. பழைய 8, 10 பதிப்புகள் சிலவற்றில் 75 என்று முழு எண்ணாகக் கொடுத்தால் ஏற்காது, 75.0 என்று எழுத வேண்டும். அப்படியே எழுதிப் பழகிக்கொள்வது நல்லது. மின் ரேம் பெர்சென்டேஜ் என்ற பெயரைப் பார்த்து ‘குறைந்தபட்ச ஹீப்’ என்று நினைக்காதீர்கள். ரேம் மிகக் குறைவாக, சுமார் 250 எம்பிக்குள், இருக்கும் இடத்தில் உச்ச ஹீப் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது. இதைவிட மோசமாகப் பெயர் வைத்த ஃப்ளாக் ஹாட்ஸ்பாட்டில் கிடைப்பது அரிது.

எங்கள் கருத்து: சிறிய கன்டெய்னரில் சதவீதம் வேண்டாம். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மெட்டாஸ்பேஸுக்கு 130 எம்பி, கோட் கேஷுக்கு 70, த்ரெட்டுகளுக்கு 50, டைரக்ட் பஃபருக்கு 64, ஜிசிக்கும் மற்றதற்கும் 80 எடுக்கும் ஒரு வெப் சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஹீப்புக்கு வெளியே 394 எம்பி. 4 ஜிபி கன்டெய்னரில் 75 சதவீதம் ஹீப்புக்குப் போனாலும் 1 ஜிபி மிச்சம், கவலையில்லை. 2 ஜிபியில் 512 எம்பி மிச்சம், இழுத்துப் பிடித்து ஓடும். 1 ஜிபியில் மிச்சம் 256 எம்பிதான், ஹீப் நிறைய நிறைய கில் ஆவது உறுதி. ஹீப்புக்கு வெளியே உள்ள செலவு, கன்டெய்னர் சிறுத்தால் கூடவே சிறுக்காது. எனவே 2 ஜிபிக்குக் கீழே அளந்து பார்த்து எக்ஸ்எம்எக்ஸைக் கையால் எழுதுங்கள். அதற்கு மேலே, எல்லையை அடிக்கடி மாற்றுவீர்கள் என்றால் சதவீதம் வசதி.

கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு நின்றது. ஹீப் டம்ப் (ஹீப்பின் நகல் கோப்பு) எதுவும் இல்லையே?

137 என்பது 128-உம் 9-உம். கெர்னல் சிக்னல் 9 அனுப்பி வெட்டிவிட்டது. ஜேவிஎம்முக்கு ஒரு வார்த்தை பேசவும் நேரமில்லை, டம்ப் எங்கிருந்து வரும்? இங்கே பிரச்சினை ஹீப் நிறைந்தது இல்லை, புராசஸ் மொத்தமும் எல்லையைத் தாண்டியது. எக்ஸ்எம்எக்ஸைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் சாகும். குறைக்க வேண்டும், அல்லது கன்டெய்னர் எல்லையைக் கூட்ட வேண்டும்.

ஹீப் உண்மையிலேயே நிறைந்தால் அவுட் ஆஃப் மெமரி எரர் வரும். அதற்குத்தான் +ஹீப் டம்ப் ஆன் அவுட் ஆஃப் மெமரி எரர். கூடவே ஹீப் டம்ப் பாத்தில் நிலையான வால்யூமைக் கொடுங்கள். இல்லையென்றால் கன்டெய்னரோடு கோப்பும் போய்விடும். இன்னொரு சின்னக் கண்ணி: கோப்பின் பெயரில் புராசஸ் எண் வரும், கன்டெய்னருக்குள் அது பெரும்பாலும் 1. போன வாரத்து டம்ப் அதே பெயரில் அங்கே இருந்தால் ஜேவிஎம் அதன் மேல் எழுதாது, ‘கோப்பு ஏற்கெனவே உள்ளது’ என்று சொல்லி விட்டுவிடும். தொடக்க ஸ்கிரிப்டில் பழையதைப் பெயர் மாற்றி வையுங்கள்.

+எக்ஸிட் ஆன் அவுட் ஆஃப் மெமரி எரர் சேர்ப்பதும் நல்லது. ஒரு த்ரெட் செத்து மீதி அரைகுறையாக ஓடும் சர்வரைவிட, முழுசாக நின்று மறுபடி கிளம்பும் சர்வர் மேல். இதில் வெளியேறும் எண் 3, ஆகவே 137-ஓடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

அவுட் ஆஃப் மெமரி எரரின் பின்னால் வரும் வாசகம் முக்கியமா?

அதுதான் முக்கியம். ‘ஜாவா ஹீப் ஸ்பேஸ்’ என்றால் ஹீப். ‘ஜிசி ஓவர்ஹெட் லிமிட்’ என்றால் நேரத்தில் 98 சதவீதத்துக்கு மேல் ஜிசிக்கே போய், ஹீப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே மீண்டது. ‘மெட்டாஸ்பேஸ்’ என்றால் கிளாஸ்கள் பெருகிவிட்டன. மறு டெப்லாய்மென்டில் பழைய கிளாஸ்லோடர் விடுபடாமல் தொங்குவது வழக்கமான காரணம். ‘அனேபிள் டு கிரியேட் நேட்டிவ் த்ரெட்’ என்றால் பார்க்க வேண்டியது ஹீப் இல்லை, இயங்குதளம்: யூலிமிட் (பயனருக்கான எல்லை), அல்லது கன்டெய்னரின் பிஐடி (புராசஸ் எண்ணிக்கை) எல்லை. இதற்கு எக்ஸ்எம்எக்ஸைக் கூட்டுபவர்கள் த்ரெட்டுக்கு மிச்சமிருந்த இடத்தையும் அடைத்துவிடுகிறார்கள்.

எக்ஸ்எம்எஸ்ஸும் எக்ஸ்எம்எக்ஸும் சமமாக இருக்க வேண்டுமா?

தனி சர்வரில், சீரான வேகம் வேண்டும் என்றால் ஆம். ஹீப் வளர்வது, சுருங்குவது என்ற வேலை மிச்சமாகும். ஆனால் சமமாகக் கொடுத்த உடனே ரேம் முழுதும் பிடிபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பக்கங்கள் தொடும்போதுதான் ஏறும். தொடக்கத்திலேயே பிடிக்க +ஆல்வேஸ் ப்ரீ டச். பெரிய ஹீப்பில் இதனால் கிளம்பும் நேரம் கூடும்.

ஒரே இயந்திரத்தில் பல ஜேவிஎம் ஓடினால் சமமாக வைக்காதீர்கள். எக்ஸ்எம்எஸ் கொடுத்த அளவுக்குக் கீழே ஹீப் சுருங்காது.

எக்ஸ்எம்என் (புதிய ஆப்ஜெக்ட்கள் இருக்கும் இளந்தலைமுறைப் பகுதியின் அளவு) கொடுக்கலாமா?

ஜி1-இல் வேண்டாம். இளந்தலைமுறைப் பகுதியின் அளவை மாற்றி மாற்றித்தான் ஜி1 தன் இடைநிறுத்த இலக்கை (இயல்பு 200 மில்லிவினாடி) எட்டப் பார்க்கிறது. அந்த அளவை ஆணியடித்துவிட்டால் இலக்கும் போயிற்று. பேரலல் ஜிசியில் பொருள் உண்டு.

ஆழமான ரிகர்ஷனுக்கு எக்ஸ்எஸ்எஸ்-ஐக் கூட்டலாமா?

கூட்டலாம், எல்லா த்ரெட்டுக்கும் கூடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். எக்ஸ்எஸ்எஸ்-க்கு எக்ஸ்எக்ஸ் வடிவமும் உண்டு: த்ரெட் ஸ்டாக் சைஸ். இரண்டுக்கும் அலகு வேறு! அது கேபியில் எண்ணும். 512 என்றால் 512 கேபி. பழக்க தோஷத்தில் ‘512கே’ என்று எழுதினால் 512 எம்பி ஸ்டாக் கேட்டதாகிவிடும். எக்ஸ்எஸ்எஸ்-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரேம் நிறைய இருக்கிறது. ஹீப் 32 ஜிபி வைக்கலாமா?

31 வையுங்கள். ஆப்ஜெக்ட்கள் 8 பைட் எல்லையில் உட்காருவதால், 4 பைட் சுட்டியை வைத்துக்கொண்டே 32 ஜிபி வரை எட்டலாம்; இதுதான் கம்ப்ரெஸ்ட் ஊப்ஸ். 32-ஐத் தொட்டதும் இது அணைந்து ஒவ்வொரு சுட்டியும் 8 பைட் ஆகிவிடும். சுட்டிகள் நிறைந்த டேட்டா என்றால் 34 ஜிபி ஹீப்பில் 31 ஜிபியில் கொண்டதைவிடக் குறைவாகவே கொள்ளும். எழுதும் எண்ணை நம்பாமல் +பிரின்ட் ஃப்ளாக்ஸ் ஃபைனல் கொடுத்து, யூஸ் கம்ப்ரெஸ்ட் ஊப்ஸ் வரியில் ‘ட்ரூ’ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இசட்ஜிசி என்ற இன்னொரு ஜிசியைப் பயன்படுத்துவோருக்கு இந்த எல்லை கிடையாது; அதில் கம்ப்ரெஸ்ட் ஊப்ஸே இல்லை.

ஜேடிகே 8-இலிருந்து 17-க்கு மாற்றினோம். சர்வர் கிளம்பவே இல்லை.

பழைய வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

-எக்ஸ்எம்எஸ்1ஜி -எக்ஸ்எம்எக்ஸ்2ஜி -எக்ஸ்எக்ஸ்:மேக்ஸ் பெர்ம் சைஸ்=256எம் -எக்ஸ்எக்ஸ்:+யூஸ் கான்க் மார்க் ஸ்வீப் ஜிசி -எக்ஸ்எக்ஸ்:+பிரின்ட் ஜிசி டீடெய்ல்ஸ் -எக்ஸ்எக்ஸ்:+பிரின்ட் ஜிசி டேட் ஸ்டாம்ப்ஸ்

முதல் இரண்டுக்கும் ஆபத்தில்லை. பெர்ம் ஜென் (மெட்டாஸ்பேஸுக்கு முன் கிளாஸ் தகவல் இருந்த பகுதி) 2014-இல் ஜேடிகே 8 வந்தபோதே போய்விட்டது. 8 முதல் 16 வரை வெறும் எச்சரிக்கை, 17-இல் பிழை. ஆக, வருடக்கணக்கில் எதுவுமே செய்யாமல் உட்கார்ந்திருந்த ஃப்ளாக் இது. எடுத்துவிடுங்கள், அந்த 256-ஐ மேக்ஸ் மெட்டாஸ்பேஸ் சைஸுக்கு அப்படியே மாற்றாதீர்கள், இரண்டின் கணக்கும் வேறு. கான்க் மார்க் ஸ்வீப் என்ற சிஎம்எஸ் ஜிசி 9-இல் ‘இனி வேண்டாம்’ ஆகி, 14-இல் நீக்கப்பட்டது. 17 அதை அடையாளமே காணாது. எடுத்துவிட்டால் ஜி1 வரும். பிரின்ட் ஜிசி டீடெய்ல்ஸ் 17-இலும் எச்சரிக்கையோடு ஓடும். பிரின்ட் ஜிசி டேட் ஸ்டாம்ப்ஸ் 9-இலிருந்தே பிழை, காரணம் அந்தப் பதிப்பில் லாக் முறை மொத்தமாக மாறியது. இரண்டுக்கும் பதில்:

-எக்ஸ்லாக்:ஜிசி*:ஃபைல்=ஜிசி.லாக்:டைம்,அப்டைம்:ஃபைல்கவுன்ட்=5,ஃபைல்சைஸ்=20எம்

நட்சத்திரக்குறி இருப்பதால் ஷெல்லில் மேற்கோளுக்குள் வையுங்கள். அடையாளம் தெரியாத ஃப்ளாக்கில் முதலாவதைச் சொல்லிவிட்டு ஜேவிஎம் நின்றுவிடும், அதனால் ஒன்றைத் திருத்தினால் அடுத்தது முளைக்கும். கோளாறு வளர்கிறது என்று நினைக்க வேண்டாம்.

+இக்னோர் அன்ரெகக்னைஸ்ட் விஎம் ஆப்ஷன்ஸ் என்று ஒன்று உண்டு. தெரியாததைத் தாண்டிப் போகச் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு சர்வரைத் தூக்கி நிறுத்த உதவும். காலையில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளை எழுத்துப் பிழையோடு எழுதும் ஃப்ளாக்கும் சத்தமில்லாமல் விழுங்கப்படும். ஓப்பன்ஜே9-இல் நிலைமை நேர் எதிர்: தெரியாத எக்ஸ்எக்ஸ் ஃப்ளாக்கை இயல்பாகவே கண்டுகொள்ளாது. ஹாட்ஸ்பாட்டுக்கு எழுதிய ஜிசி ஃப்ளாக்குகளை அங்கே கொண்டுபோய்விட்டு ‘ஏற்றுக்கொண்டது’ என்று மகிழ வேண்டாம்.

ஜாவா_ஆப்ட்ஸ் என்ற என்விரான்மென்ட் மாறியில் போட்டால் போதுமா?

அதை ஜேவிஎம் படிப்பதே இல்லை. டாம்கேட் போன்ற சர்வர்களின் தொடக்க ஸ்கிரிப்ட் படித்து ஜாவா கமாண்டோடு ஒட்டுகிறது, அவ்வளவுதான். நேரடியாக ஜாவா கமாண்டைக் கூப்பிட்டால் பயன் இல்லை. டாம்கேட்டிலும் ஹீப்பை ஜாவா_ஆப்ட்ஸில் வைக்காதீர்கள். நிறுத்தும் கமாண்டுக்கும் அது போகும், சர்வரை நிறுத்தச் சொல்லும் குட்டி ஜேவிஎம்மும் 8 ஜிபி கேட்டு நிற்கும். கேட்டலினா_ஆப்ட்ஸ், தொடக்கத்துக்கு மட்டும்.

ஜேவிஎம் தானே படிப்பது ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸ். படித்ததும் ‘பிக்ட் அப்’ என்று ஒரு வரி வரும். கமாண்டில் எழுதியது இதை வெல்லும், ஏனெனில் ஒரே ஆப்ஷன் இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்ததே செல்லும். அடிக்கோட்டில் தொடங்கும் _ஜாவா_ஆப்ஷன்ஸ் ஆவணத்தில் இல்லாத மாறி. கமாண்டுக்கும் பின்னால் சேர்ந்து எல்லாவற்றையும் வெல்லும். எவ்வளவு மாற்றினாலும் எக்ஸ்எம்எக்ஸ் மாறாமல் நிற்கிறது என்றால் இது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஜேடிகே 9 முதல் ஜேடிகே_ஜாவா_ஆப்ஷன்ஸ் உண்டு. ஜாவா கமாண்டு மட்டும் அதைப் படிக்கும்.

கடைசியில் எது அமலில் இருக்கிறது என்று எப்படி அறிவது?

ஓடும் புராசஸில் ‘ஜேசிஎம்டி’ கமாண்டோடு புராசஸ் எண், ‘விஎம்.ஃப்ளாக்ஸ்’. எங்கிருந்து வந்தது என்பதற்கு ‘விஎம்.கமாண்ட்_லைன்’. பிரின்ட் ஃப்ளாக்ஸ் ஃபைனல் பட்டியலில் ஜேடிகே 9 முதல் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் மூலம் இருக்கும்: ‘டிஃபால்ட்’, ‘எர்கனாமிக்’ (ஜேவிஎம்மே கணித்தது), ‘கமாண்ட் லைன்’. ஹீப் எண் நீங்கள் எழுதியதாக இருந்து ஓரத்தில் ‘எர்கனாமிக்’ என்று வந்தால், அது தற்செயலாகப் பொருந்தியது.

‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று சொல்லி மறுக்கிறதே?

சில ஃப்ளாக்குகளுக்குப் பூட்டு உண்டு. +அன்லாக் எக்ஸ்பெரிமென்டல் விஎம் ஆப்ஷன்ஸ் என்பதை அந்த ஃப்ளாக்குக்கு முன்னால் எழுத வேண்டும்; பின்னால் எழுதினால் செல்லாது. ஜி1-இன் இளந்தலைமுறைச் சதவீதங்கள் (இயல்பு 5, 60) இந்த வகை. இசட்ஜிசியும் 11 முதல் 14 வரை இப்படித்தான் இருந்தது, 15-இல் பூட்டு போனது.

இத்தனை ஃப்ளாக்கில் எவற்றை வைத்துக்கொள்வது?

எக்ஸ்எம்எக்ஸ் அல்லது சதவீதம், ஹீப் டம்ப் இரண்டு, எக்ஸ்லாக். டைரக்ட் பஃபர் அதிகம் என்றால் அதற்கொரு எல்லை. மற்றதற்கு ஜிசி லாக்கில் ஆதாரம் வேண்டும். ஜேடிகே 9 முதல் இவற்றை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, -ஜார் என்பதற்கு முன்னால் @ குறியோடு கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். அதில் # போட்டுக் குறிப்பு எழுத முடியும்: எந்த ஃப்ளாக், எந்த ஜேடிகே-வில், எந்தத் தேதியில், என்ன பார்த்துச் சேர்த்தோம் என்று. கமாண்ட் வரியில் அதற்கு இடமில்லை.